நானூற்றறுபது கோடி வருஷத்து முகூர்த்தப் புடவை

பட்டுப் புடவைக்கு டிசைன் போடுகிறவளை ஊரில் யாருக்கும் தெரியாது. ஆனால் புடவையில் எது கோணினாலும் திட்டு மட்டும் விலாசம் தவறாமல் அவளைத் தேடி வந்து சேரும்.

ஒரு மாதத்துக்கு முன்னால், இருட்டி ஒரு மணி நேரம் ஆகியிருக்கும், ஒரு சத்தம் கேட்டது. டக், டக், அப்புறம் எதையோ தரையில் இழுப்பது போல ஒரு 'கர்ர்ர்'. கையிலிருந்த சாதக் கிண்ணத்தைப் போட்டுவிட்டு ஓடிப்போய் மகளின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். மித்ராவுக்கு மூன்று வயது. நெற்றி ஜில்லென்று இருந்தது. அவள் பாட்டுக்குச் சுவரில் கிறுக்கிக்கொண்டிருந்தாள். சத்தம் எதிர்வீட்டுப் பெருமாள் அண்ணன் தறியிலிருந்து. நான் போட்ட டிசைனுக்கு அட்டை மாட்டி ஓட்டிப் பார்த்திருக்கிறார். ஓட்டை போட்ட அட்டைகள்தான் எந்த இழை மேலே எழும்ப வேண்டும் என்று தறிக்குச் சொல்லும். அதில் ஓர் அட்டை மடங்கி மாட்டிக்கொண்டதால் வந்த சத்தம் அது.

ஏன் இப்படிப் பதறினேன் என்றால், போன வருஷம் மித்ராவுக்கு ஜுரத்தில் வலிப்பு வந்தது. வருவதற்கு முன்னால் அவள் தொண்டையிலிருந்து இப்படித்தான் ஒரு சத்தம் வந்தது. "குழந்தைங்களுக்கு வர்றதுதான், வளர வளர நின்னுடும், பயப்படாதீங்க" என்றார் டாக்டர். சொல்லிவிட்டு அவர் தன் வீட்டுக்குப் போய்விட்டார். மித்ரா என்னோடு வந்துவிட்டாள்.

அதற்கப்புறம் பிளே ஸ்கூலில், ஜுரம் வந்தால் எங்களால் பொறுப்பேற்க முடியாது என்று கையை விரித்துவிட்டார்கள். வீட்டுக்காரர் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஃபேக்டரியில் வேலை, சனிக்கிழமை ராத்திரிதான் வருவார். அதனால் வீட்டிலேயே கம்ப்யூட்டர் வைத்துப் பட்டுக் கடைக்கு டிசைன் போட்டுக் கொடுக்கிறேன். முதலாளிக்கு இது பிடிக்கவில்லை. "இந்தக் கலசப்பாக்கத்துக் கல்யாணப் புடவை பாஸ் ஆச்சுன்னா வீட்லயே இரும்மா. ஆவலன்னா ஒண்ணாந்தேதியிலேர்ந்து டிசைன் போடுற மத்த ரெண்டு பேரு மாதிரி காலைல ஒம்பது மணிக்குக் கடையில வந்து குந்தணும்" என்று சொல்லிவிட்டார். குழந்தையை ஒரு கையிலும் வேலையை ஒரு கையிலும் பிடித்துக்கொண்டு நிற்கிற சக பாவிகளே, அந்தப் புடவையின் கதையைக் கேளுங்கள்.

உயிர் இருக்கக் கூடாது

கல்யாணப் பெண் பெயர் ஷாலினி, சொந்த ஊர் கலசப்பாக்கம். வடக்கே எங்கேயோ பூமியைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறாள். பழைய பாறையைப் பொடித்து, அதற்குள் கிடக்கும் பொடிப் படிக மணிகளுக்கு வயது பார்ப்பதுதான் வேலையாம். முகூர்த்தப் புடவையில் பூமியின் முதல் யுகம் வரவேண்டும் என்றாள். அதற்கு ஹேடியன் என்று பெயர். நானூற்றறுபது கோடி வருஷத்துக்கு முன்னால் ஆரம்பித்து, நானூறு கோடி வருஷத்துக்கு முன்னால் முடிந்த யுகம். பூமி உருகிக் கொதித்துக்கொண்டிருக்க, வானத்திலிருந்து கல் விழுந்துகொண்டே இருக்குமாம். இவ்வளவையும் அவள் என்னிடம் சொன்னபோது அவளுடைய அம்மா கடையின் அடுத்த பக்கத்தில் சம்பந்தியம்மாவுக்குப் புடவை பார்த்துக்கொண்டிருந்தார்.

எதற்கும் இருக்கட்டும் என்று என் கைவசமிருந்த டிசைன்களைக் காட்டினேன். மாங்காய் கூடாது, மாமரம் அப்போது வரவில்லை. மயில், அன்னம், யானை எதுவும் வரவில்லை. தாழம்பூ பார்டர் கூடாது. ருத்திராட்சம்? அதுவும் ஒரு மரத்தின் கொட்டைதானே என்றாள். யாளியைக் காட்டினேன். "இது எப்பவுமே வரலையே அக்கா" என்றாள். பன்னிரண்டு வருஷம் கான்வென்ட்டில் படித்து, நாலு வருஷமாக டிசைன் போடுகிறேன். புடவை என்பது ஒரு தோட்டமும் ஒரு மிருகக்காட்சி சாலையும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. இரண்டையும் காலி செய்துவிட்டால் மிஞ்சுவது கட்டமும் கோடும்தான். கோபுர பார்டரை மட்டும் எரிமலை வரிசை என்று சொல்லி ஒப்புக்கொள்ள வைத்தேன். கிளம்பும்போது ஆறுதலாக என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "உயிர் இல்லாதது எதுவா இருந்தாலும் எனக்கு ஓகேக்கா, ஆனா பாக்குறவங்களுக்குக் கல்யாணப் பொடவன்னு தெரியணும்."

எந்தக் கலர் என்று எழுதுவது?

அடுத்தது நிறம். நீலம் கூடாது, பச்சை கூடாது. உருகின பாறையின் சிவப்பு, அது ஆறி மேலே படியும் ஏட்டின் கறுப்பு. கறுப்பு என்ற வார்த்தை காதில் விழுந்ததும் முதலாளி கல்லாவிலிருந்து எழுந்து வந்துவிட்டார். முகூர்த்தத்துக்குக் கறுப்பா? இந்தக் கடையில் இதுவரை கறுப்பு நூல் வாசப்படி ஏறினதில்லை என்றார். அரை நாள் பேச்சுவார்த்தைக்குப் பிறகு, கறுப்புக்கு ஒரு பிடி முன்னால் நிற்கிற ஒரு கரும்பழுப்பில் இரண்டு பேரும் சமாதானம் ஆனார்கள்.

சாயப் பட்டறைக்குச் சீட்டு எழுதும்போதுதான் மறுபடி வம்பு. முதலாளி 'பாக்குக் கலர்' என்று எழுதினார். ஷாலினி சிரித்துக்கொண்டே அதையும் அடித்தாள். அவள் விளையாட்டுக்குத்தான் செய்தாள். முதலாளிக்கு விளையாட்டு தெரியாது. எங்கள் நிறங்களை மனசுக்குள் ஓட்டிப் பார்த்தேன்: மயில் கழுத்து, கத்தரிப்பூ, கிளிப்பச்சை, மாந்தளிர், வெங்காயத் தோல். அரக்கு? அதுவும் ஏதோ பூச்சியிலிருந்து வருகிறது. முதலாளி பேனாவை என் முன்னால் போட்டார்: "அப்ப பாக்கே மொளைக்கலன்னா, சாயக்காரனுக்கு நான் இன்னா கலருன்னு எழுதி அனுப்புறது? நீதானே இங்கிலீஷ் படிச்ச பொண்ணு, நீயே எழுது."

பக்கத்தில் வந்துவிட்ட நிலா

முந்தானையில் நிலா பிறக்க வேண்டும். பூமி குழந்தையாக இருந்தபோது, செவ்வாய் அளவுள்ள ஒரு கோள் வந்து மோதியதாம். தெறித்ததெல்லாம் ஒன்று சேர்ந்து நிலா ஆகிவிட்டதாம். அப்போது நிலா இன்றைக்கு இருப்பதைவிட ரொம்பப் பக்கத்தில் இருந்தது, அதனால் பெரிதாகப் போடுங்கள் என்றாள். சொல்வது சுலபம். டிசைன் என்பது கட்டம் கட்டமாக நிரப்புகிற வேலை. எங்கள் தறியில் வட்டத்தைப் பெரிதாக்கினால் விளிம்பு படிக்கட்டாகிவிடும். ஒன்பது தடவை போட்டேன். எட்டாவது தடவை நன்றாக வந்தது. மித்ரா மடியில் ஏறி உட்கார்ந்து ஒரே ஒரு பட்டனைத் தட்டினாள். அதனால்தான் ஒன்பதாவது தடவை.

புடவை உடலில் அங்கங்கே தூவுவதற்குப் புட்டா என்கிற சின்ன உருவம் வேண்டும் அல்லவா? அந்த யுகத்துப் பாறை ஏறக்குறைய ஒன்றுமே முழுதாக மிஞ்சவில்லையாம். மிஞ்சியிருப்பது பெரும்பாலும் சிர்கான் என்கிற மணிகள்தான், ஒரு மணல் துகளில் பாதி இருந்தால் அதிகம். அதுதான் புட்டா. ஜரிகையில் ஒரு புள்ளி வைத்து, நாலு விரல் தள்ளி இன்னொரு புள்ளி. எல்லாவற்றையும் அச்செடுத்துப் பெருமாள் அண்ணனிடம் கொண்டுபோய்க் காட்டினேன். தாளைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார், கிட்டே பிடித்துப் பார்த்தார். முப்பது வருஷமாகத் தறியில் உட்கார்ந்திருக்கிற மனுஷன். நிதானமாகச் சொன்னார்: "புட்டா கண்ணுக்கே தெரியல, நெலா கண்ணைக் குத்துது. ஏம்மா, இத மாத்திப் போட்டுகினு வந்துட்டியா?"

நூற்றிரண்டு டிகிரி

தறியில் பாதிப் புடவை ஏறியிருந்தபோது மித்ராவுக்கு ஜுரம் வந்தது. நூற்றிரண்டு. மருந்து கொடுத்துவிட்டு ஈரத்துணியால் உடம்பைத் துடைத்துக்கொண்டிருக்கிறேன். அந்த நேரம் பார்த்து போன். ஷாலினியின் அம்மா. யாரோ சொந்தக்காரர் போனில் தேடிப் பார்த்து, ஹேடியன் என்ற பெயர் கிரேக்கர்களுடைய பாதாள லோகத்திலிருந்து வந்தது என்று கண்டுபிடித்துச் சொல்லிவிட்டாராம். "எம் பொண்ணு நரகத்தக் கட்டிகினு மணையில உக்காரணுமா? சொல்லும்மா! நீயும் ஒரு பொண்ணப் பெத்தவதானே?" என்று ஆரம்பித்தார். உடனே தறியை நிறுத்தச் சொல்லு என்றார்.

தறி நின்றால் வீட்டிலிருந்தே பார்க்கிற என் வேலையும் அதோடு நின்றது. நரகம் என்றதும் எனக்குக் கான்வென்ட் வராந்தாவில் தொங்கிய படம்தான் ஞாபகம் வரும்: கொழுந்துவிட்டு எரியும் தீ, கையைத் தூக்கிக்கொண்டு நிற்கும் ஜனம். பொய் சொன்னால் அங்கேதான் போவாய் என்று சிஸ்டர் சொல்லியிருக்கிறார். அதனால் உண்மையையே சொன்னேன். அந்தக் காலம் முழுக்க வெறும் நெருப்பு என்று நினைத்துத்தான் விஞ்ஞானிகள் அப்படிப் பெயர் வைத்தார்கள். அந்தச் சின்ன மணிகளை ஆராய்ந்தபோது அப்போதே பூமியில் தண்ணீர் இருந்திருக்கும் என்று தெரிந்ததாம். உங்கள் மகள்தான் எனக்கு இதைச் சொன்னாள், ஆன்ட்டி. பேசப் பேசத் துணியை நனைத்துப் பிழிந்துகொண்டே இருந்தேன். மித்ரா கண்ணைத் திறந்து தண்ணீர் கேட்டாள். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் அந்த அம்மாவுக்கும் அது கேட்டுவிட்டது. குரல் இறங்கிவிட்டது. "கொழந்தைக்கு ஒடம்பு சரியில்லயா? மொதல்ல அதப் பாரு. தண்ணி இருந்துதுன்னா அது நரகம் இல்ல, எங்க கலசப்பாக்கத்து சித்திர மாசம். முந்தியில ரெண்டு விரக்கட அகலத்துக்கு நீலம் போட்டுடு, கேக்குறவங்களுக்கு நான் கங்கைன்னு சொல்லிக்கறேன்."

மொட்டையாக அறுப்பதில்லை

ஜுரம் மூன்றாம் நாள் இறங்கியது. வலிப்பு வரவில்லை. ஷாலினியும் நீலத்துக்குச் சம்மதித்துவிட்டாள், அந்த யுகத்தின் கடைசியில் கடல் இருந்திருக்கலாமாம். நான் ஒரு முழுத் தூக்கம் தூங்கினேன். தூங்கியிருக்கக் கூடாது.

காலையில் பெருமாள் அண்ணனின் மனைவி கோமதி அக்கா புடவையை மடித்துக் கொண்டுவந்து கொடுத்தார். சிவப்பு கொதித்துக்கொண்டிருந்தது. ஜரிகைப் புள்ளிகள் திரும்பினால் மின்னி மறைந்தன. நிலாகூட நிலாவாகத்தான் இருந்தது. முந்தானையைக் கடைசிவரை விரித்தேன். குஞ்சம் கட்டுகிற இடத்துக்குச் சற்று மேலே, ஓரத்தில், நகத்தளவு மஞ்சளில் ஒரு பூ. ஐந்து இதழ். கீழே பச்சையில் ஒரு இலை வேறு.

ஓடிப்போய்க் கேட்டேன். பெருமாள் அண்ணன் அடுத்த புடவைக்கு இழை முடிந்துகொண்டிருந்தார். தலையை நிமிர்த்தவில்லை. முகூர்த்தப் புடவை என்றால், தறியிலிருந்து அறுப்பதற்கு முன்னால் அட்டையை நிறுத்திவிட்டு, விரலாலேயே இழை தூக்கி ஒரு பூ போடுவது அவர்கள் வீட்டு வழக்கமாம். மற்ற புடவைகளில் அது நூறு பூவோடு நூற்றோராவதாக நின்றுவிடும், யாருக்கும் தெரியாது. இதில் அது ஒன்றுதான் பூ. பிரித்தால் அந்த இடத்தில் ஓட்டை. உயிரே இருக்கக் கூடாது என்று எத்தனை தடவை சொன்னேன் அண்ணா என்று ஏறக்குறைய அழுதேன். கோமதி அக்காதான் பதில் சொன்னார்: "நீ சொன்னது புடவைக்கு. பொண்ணு உசுரோடதானே மணையில ஒக்காரும்? அதுக்கு ஒண்ணு வேணாமா?"

மடிப்புக்குள்ளே

அன்று சாயங்காலம் ஷாலினிக்குக் காட்ட, கடையில் வெள்ளைத் துணி விரித்துப் புடவையைப் போட்டோம். "அந்த ஓரத்த மட்டும் உள்ளாற மடிச்சு வெச்சிடு" என்று முதலாளி காதோடு சொன்னார். நான் மடித்து வைத்தேன். சிஸ்டர் சொன்னதும் வராந்தா படமும் ஞாபகம் வரத்தான் செய்தன. ஒண்ணாந்தேதியும் கூடவே ஞாபகம் வந்தது. ஷாலினி தரையில் மண்டியிட்டு உட்கார்ந்து ஒவ்வொரு புள்ளியாகத் தடவிப் பார்த்தாள். அவள் முகம் மலர மலர நான் மடிப்புப் பக்கமாக நகர்ந்து நின்றேன். முந்தானைக்கு வந்தாள். என் இடுப்பிலிருந்து இறங்கி நின்ற மித்ரா, மடிப்பைப் பிடித்து இழுத்து, கடை முழுக்கக் கேட்கும்படி "அம்மா, பூ!" என்றாள்.

"இது யாரு போட்டது?" என்றாள் ஷாலினி. பெருமாள் அண்ணன் பெயரைச் சொன்னால் நான் தப்பித்துவிடுவேன், அவருக்குக் கடை இனிமேல் பாவு நூலே கொடுக்காது. "செக் பண்ண வேண்டியவ நான். மறைச்சு வெச்சதும் நான்தான்" என்றேன். முதலாளி என்னைப் பார்த்த பார்வையில் ஒண்ணாந்தேதி எழுதியிருந்தது. ஷாலினி கைப்பையிலிருந்து ஒரு சின்ன லென்ஸை எடுத்தாள். கல்லைப் பார்க்கிற லென்ஸாம். குனிந்து, கண்ணோடு ஒட்டி வைத்து, அந்தப் பூவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருக்கிறாள். "எங்க ஃபீல்டுலயும் இதே கதைதாங்கக்கா. ஒரு மணிக்குள்ள துளியூண்டு கரி கெடச்சுது. அது உயிரோட அடையாளம்னு ஒரு கோஷ்டி, இல்லவே இல்லன்னு ஒரு கோஷ்டி, இன்னும் சண்ட ஓயல. இது அப்படியே இருக்கட்டும், கல்யாணத்துக்கு எங்க ஆராய்ச்சி கைடு வர்றாரு, மனுஷன் கண்டுபிடிக்கிறாரான்னு பாக்கலாம்."

இன்னொரு யுகம்

இத்தோடு முடிந்தது என்று நினைத்தவள் நான். நரகப் புடவை என்று தெருவெல்லாம் பேச்சாகிவிட்டது. அது எப்படி இருக்கும், போட்டோவைக் காட்டு என்று யார் யாரோ வீட்டுக்குள் நுழைந்தார்கள். களம்பூரிலிருந்து ஒரு அம்மா பஸ் ஏறி வந்து, என் சமையலறைவரை வந்து நின்று, நரகத்தில் ஜரிகை எத்தனை கிராம் என்று கேட்டுவிட்டுப் போனார். இன்றைக்கு விளக்கு வைக்கிற நேரத்துக்கு முதலாளியே வந்தார். நின்றபடியே, "வீட்லயே இரும்மா, ஒண்ணும் பேஜார் இல்ல" என்றார். ஒரு வருஷமாக நெஞ்சில் கிடந்த கல் இறங்கின மாதிரி இருந்தது. நன்றி சொல்ல வாயைத் திறப்பதற்குள் ஒரு சீட்டை நீட்டினார். ஷாலினியின் சித்தப்பா மகளுக்குத் தை மாசம் கல்யாணமாம். "அந்தப் பொண்ணு டைனோசர் கேக்குதும்மா, முந்தியில ஜோடியா நிக்கணுமாம். ஜல்தியாப் போட்டுக் குடு. அதுக்காவது உசுரு இருக்குதில்ல?"

அவர் போனதும் மித்ராவைத் தூங்க வைத்துவிட்டு இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். நெற்றி ஜில்லென்று இருக்கிறது. இதுவரை நாலு தடவை பார்த்துவிட்டேன். வலிப்பு வந்த நாளிலிருந்து ராத்திரியில் வாசல் கதவைச் சும்மா சாத்தி மட்டும் வைப்பேன். நான் அலறினால் எதிர்வீட்டுக்காரர்கள் ஓடி வரவேண்டுமே, குழந்தையைத் தூக்கிக்கொண்டு தாழ்ப்பாளோடு யார் மல்லுக்கட்டுவது என்ற பயம். இந்த ஒரு வருஷத்தில் அந்த வழியாக உதவிக்கு யாரும் வரவேண்டியிருக்கவில்லை. வேலை வைக்க மட்டும் ஊரே வந்திருக்கிறது. இப்போதுகூடத் தெருவில் யாரோ, "டிசைன் போடுற பொண்ணு வூடு எதுங்க?" என்று விசாரிக்கிற குரல் கேட்கிறது.

அந்த முதல் யுகத்தின் அறுபது கோடி வருஷமும் பூமியின் கதவை ஒருத்தரும் வந்து தட்டியதில்லை, எனக்கு ஒரு ராத்திரி கிடைத்தால் போதும் என்று எழுந்து போய், வாசல் விளக்கை அணைத்து, கதவை உள்ளே தாழ் போட்டுவிட்டேன்.